ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுவோம்

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்துவதற்காகச் சங்கப் பொருளாளரான ஆசிரியர் எழுதிய உரை)

 

என்னைப் பேச அழைத்த செயலவையினர், கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் எண்ணியிருப்பார்கள். விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்குப் போகும் முன்னே பிள்ளைக்குத் தலை சீவி, சட்டை தேய்த்து வைத்துவிட்டுப் போகும் தாய்க்கு நான் கல்வியின் சிறப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இன்று காசைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் பள்ளிக்காகச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் போய் நியாயம் கேட்க ஆகும் காசைப் பற்றி.

"கேட்கிறதுக்கு எதுக்கு சார் காசு? வாய் இருந்தா போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில், நாம் ஏன் அங்கே போக வேண்டும்? தோட்டத்துக்குப் பள்ளிக்கூடம் வந்ததே சட்டத்தால்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்றது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீடு, அதிலே ஒரு வாத்தியார் என்று பல பள்ளிகள் அப்படித்தான் தொடங்கின. பிறகு 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்தது. அதிலே 21ஆவது பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு, தமிழ்ப் பள்ளி, சீனப் பள்ளி எதையும் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சரின் கையில் கொடுத்திருந்தது. அந்த ஒரு வரியை நினைத்து நம் பெரியவர்கள் முப்பத்தைந்து ஆண்டு கவலைப்பட்டார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அந்த வரி இல்லை. ஒரு வரி இருப்பதும் இல்லாமற்போவதும் நம் பிள்ளைகளின் தலையெழுத்தைத் தொடுகிறது. அந்த வரியை எழுதும் இடம் நாடாளுமன்றம். அங்கே போகிறவர் நம் ஓட்டில் போகிறார். அவரிடம் பேசுவது நமக்கு அந்நியமான வேலை அல்ல.

ஊர்க் கதை போதும், நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம் பள்ளி, அரசாங்க உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது. ஆனால் பள்ளி நிற்கிற மண் தோட்டத்து மண். நாம் வெள்ளையடிக்கலாம், பூச்செடி வைக்கலாம். மண் மட்டும் நம் பெயரில் இல்லை. போன மாதம் திடலுக்குப் பின்னால் அளவுக்கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாணவர்கள் அதைப் பந்துக்குக் கோல் கம்பமாக வைத்து விளையாடுகிறார்கள். பெரியவர்களாகிய நமக்கு அந்தக் கல்லைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. தோட்டம் கைமாறினால், வீடமைப்பு வந்தால், பள்ளி எங்கே நிற்கும்? இதைத்தான் நாம் கேட்கப் போகிறோம்.

ஏற்கெனவே ஒரு முறை கேட்கப் போனோம். அந்தக் கதையை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குற்றவாளி நான்தான்.

பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தக் கற்றுக் கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். சங்கத்துக்குப் பொருளாளராக இருப்பது எப்படி என்று யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, நானும் செயலவையைச் சேர்ந்த இருவரும் என் காடியில் ஏறி மக்கள் பிரதிநிதியைப் பார்க்கப் போனோம். சொல்லி வைக்காமல் போனதால் சேவை மையம் பூட்டிக் கிடந்தது. இரண்டாவது முறை ஆளைப் பார்த்தோம். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "நிலம் யார் பெயரில் இருக்கிறது? கிராண்ட் நகல் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்றாவது முறை ஏதோ ஒரு நகலை எடுத்துக்கொண்டு போனோம். அன்றைக்குச் சட்டமன்றக் கூட்டம், அவர் ஈப்போவில் இருந்தார். மூன்று பயணம், மூன்று முறை பெட்ரோல், மூன்று முறை சாப்பாடு. என் பையில் இருந்தது தீர்ந்து போய், விளையாட்டுப் போட்டிக்கு வசூலித்த பணத்திலிருந்து 140 வெள்ளியை எடுத்துவிட்டேன். பிறகு போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ரசீதும் எடுத்து வைக்கவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்தேன். பின் வரிசையில் இருந்து ஓர் அக்கா எழுந்தார். செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர், அதிகம் பேசாதவர்.

"சார், பிள்ளைங்க ஓட்டப் பந்தயத்துக்குக் கொடுத்த காசில பெட்ரோல் ஊத்துனீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "பள்ளிக்காகத்தானே அக்கா போனோம்? எனக்கா போனேன்?" என்று சற்றுச் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"போனது தப்புன்னு நான் சொல்லல சார். சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? காசு இல்லேன்னா கேட்டிருக்கலாம்ல? கூப்பிட்டிருந்தா நாங்களும் வந்திருப்போம்ல?"

மூன்று கேள்வி. மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த 140 வெள்ளியை மறுவாரமே என் சம்பளத்தில் திருப்பிக் கட்டினேன். ஆனால் நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. அந்த ஆண்டு சந்தா கொடுக்க வந்த சிலர், "இதுவும் பெட்ரோலுக்கா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிப்புத்தான், ஆனால் எனக்கு அது பிரம்படி. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்பர்களே! அந்த அக்கா கேட்ட மூன்று கேள்வியும்தான் இன்றைய என் பேச்சு. சொல்லிவிட்டுப் போவது என்றால் திட்டம். காசைக் கேட்டு வாங்குவது என்றால் வரவு செலவுத் திட்டம். கூப்பிட்டுக்கொண்டு போவது என்றால் உங்கள் பங்கு.

முதலில் திட்டம். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் போனால் பாதிக் காசு ரோட்டிலேயே கரைந்துவிடும். நம் நாட்டு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை, கல்வியைக் கூட்டரசின் கையிலும் நிலத்தை மாநிலத்தின் கையிலும் கொடுத்திருக்கிறது. ஆகவே மண் விவகாரம் என்றால் முதலில் சட்டமன்ற உறுப்பினர், மாநில அரசாங்கம், நில அலுவலகம். கட்டடம், மானியம், ஆசிரியர் விவகாரம் என்றால் நாடாளுமன்ற உறுப்பினர், கல்வி அமைச்சு. நமக்கு இரண்டும் வேண்டும், ஆனால் மண்தான் முதலில். மண் இல்லாமல் கட்டடம் கேட்டால், "எங்கே கட்டுவது?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிடுவார்கள்.

காலமும் முக்கியம். கூட்டரசின் வரவு செலவுத் திட்டம் இப்போதெல்லாம் அக்டோபர் மாதத்தில் தாக்கலாகிறது. 2024இல் அக்டோபர் 18, 2025இல் அக்டோபர் 10. அதற்குப் பிறகு போய் நின்றால், பந்தி முடிந்த பிறகு இலையைத் தூக்கிக்கொண்டு போன கதைதான். ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் தாள்களைச் சேர்க்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் தொகுதியில் பார்க்க வேண்டும். ஆண்டின் நடுவிலேயே மகஜர் உரியவர் கையில் இருக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருகிறேன். மாணவர்களே, பென்சிலை எடுங்கள். நான் கூட்டுவதில் பிழை இருந்தால் மேடைக்கே வந்து சொல்லலாம். வசதிக்காக நம்மில் 60 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட தூதுக்குழு. ஈப்போவுக்கு இரண்டு முறை, கோலாலம்பூருக்கு ஒரு முறை. ஓராண்டுக்கு என் மதிப்பீடு இது:

1. மகஜர் தட்டச்சு, நகல், படங்கள், கோப்பு: 60.00 வெள்ளி
2. பதிவுத் தபால்: 40.00
3. நில அலுவலகத்தில் நிலத் தேடல், நகல்கள்: 80.00
4. தொகுதிச் சேவை மையத்துக்கு 4 முறை, முறைக்கு 15 வெள்ளி: 60.00
5. ஈப்போ 2 முறை, பெட்ரோலும் டோலும் 140, சாப்பாடு 80: 220.00
6. கோலாலம்பூர் 1 முறை, பெட்ரோலும் டோலும் 180, சாப்பாடு 100: 280.00
7. நாள் சம்பள நட்டஈடு, 2 பேருக்கு 3 நாள்: 392.28
8. எதிர்பாராச் செலவு, நூற்றுக்குப் பத்து: 113.23

மொத்தம் 1,245 வெள்ளி 51 காசு.

குடும்பத்துக்கு மாதம் 1 வெள்ளி 75 காசு போட்டால், 60 குடும்பம், 12 மாதம், 1,260 வெள்ளி. செலவு போக 14 வெள்ளி 49 காசு மிச்சம். மாதம் ஒன்றே முக்கால் வெள்ளி என்பது ஒட்டுக்கடையில் ஒரு டீக்குக் கூடப் பற்றாது. அதுவும் முடியாத குடும்பம் இருந்தால், என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

இந்தப் பட்டியலில் ஏழாவது வரியைப் பார்த்ததும் சிலருக்குப் புருவம் உயர்ந்திருக்கும். செயலவையில் இந்த வரியைப் பற்றித்தான் பெரிய விவாதம் நடந்தது. "பொதுச் சேவைக்குக் கூலியா? நம்ம பிள்ளைக்குப் போறதுக்கு நமக்கே சம்பளமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். 1-2-2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. சட்டமன்றமும் அமைச்சும் நில அலுவலகமும் திறந்திருப்பது வேலை நாளில். தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் ஈப்போவுக்கு வந்தால் அந்த நாள் சம்பளம் போச்சு. மூன்று நாள் வந்தால் இருநூறு வெள்ளிக்கு நான்கு வெள்ளிதான் குறைவு. அதாவது, இந்தப் பட்டியலில் யார் கண்ணுக்கும் தெரியாமல் இவ்வளவு நாளும் இருந்த பெரிய செலவு இதுதான். நாம் அதை எழுதவில்லை. எழுதாததால் அது இல்லாமற்போய்விடவில்லை. ஏழையின் பையிலிருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அல்லது ஏழை வராமல் இருந்துவிட்டார்.

அதனால் என்ன ஆயிற்று? மாதச் சம்பளக்காரர்கள் மட்டும் போனோம். ஆசிரியர் போனோம், கடைக்காரர் வந்தார், அலுவலகத்தில் வேலை செய்கிறவர் வந்தார். பிள்ளை தினமும் இந்த மண்ணில் நடந்து வருகிற தாய் வரவில்லை. எங்கள் பேச்சில் தமிழின் பெருமை இருந்தது. மழை பெய்தால் கழிப்பறைக்குப் போகிற வழியில் முழங்கால் தண்ணீர் என்பது இல்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியர்களாகிய நாங்கள் அரசாங்க ஊழியர்கள். 1993ஆம் ஆண்டு நடத்தை, கட்டொழுங்கு விதிகள் எங்களுக்கு உண்டு. அரசாங்கக் கொள்கையைப் பற்றி வெளியே பேச எங்களுக்கு வரம்பு உண்டு. நான் அன்று முன்னால் நின்று பேசியதே சரியான முறை அல்ல. நாங்கள் கணக்கு எழுதித் தரலாம், மகஜரின் மலாய் மொழியைத் திருத்தித் தரலாம். முன்னால் நின்று கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்களாகிய நீங்கள்.

அடுத்த ஆண்டு ஒரு சிறிய மதிப்பீடு போட்டு, கூட்டத்தில் சொல்லி, இரண்டாவது முறையாகப் போனோம். அந்த அக்காவும் வந்தார். நிலத் தேடலின் தாள் இருந்தது, படங்கள் இருந்தன. உறுப்பினர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அக்கா, "ஐயா, எங்க தாத்தா காலத்துல இருந்து இங்கதான் படிக்கிறோம். நாளைக்கு வேலி போட்டா பிள்ளைங்க எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டார். அவர் தாளை மூடிவிட்டு அக்காவைப் பார்த்தார். சட்டமன்றத்தில் நம் பள்ளி நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி போட்டார். எழுத்தில் ஒரு பதில் வந்தது. "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில்தான். மண் இன்னும் நம் பெயருக்கு வரவில்லை. பாதிக் கிணறு தாண்டியிருக்கிறோம், அவ்வளவே. ஆனால் அந்தப் பதில் சட்டமன்றப் பதிவில் இருக்கிறது, நம் கோப்பிலும் இருக்கிறது. வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுத்து நிற்கும்.

அந்த இரண்டு நாளுக்கு அக்காவுக்குச் சம்பள நட்டத்தைக் கொடுத்தோம். பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அதிலே கூச்சமும் இல்லை, குறைச்சலும் இல்லை. அது கூலி அல்ல, நட்டஈடு.

இனி, இந்தப் பட்டியலில் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மாலை, பொன்னாடை, விருந்து கூடாது. நாம் நியாயம் கேட்கப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகவில்லை. எந்த அதிகாரிக்கும், எந்த உறுப்பினரின் ஆளுக்கும் "கையைக் கவனிப்பது" என்பது அறவே கூடாது. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளி. எந்தக் கட்சிக்கும் கொடிக்கும் ஒரு காசும் கூடாது. இங்கே எல்லாக் கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். நம் சங்கம் கல்விச் சட்டத்தின் கீழ் நடக்கிற சங்கம். அந்த வேலியைத் தாண்டினால் நம் கோரிக்கைதான் அடிபடும். அரசாங்கம் பிள்ளைகளின் பாடத்துக்குத் தருகிற மானியத்தைத் தொடக் கூடாது. விளையாட்டுக்குக் கொடுத்தது விளையாட்டுக்கே. இதை அடிபட்டவன் சொல்கிறேன்.

இந்தப் பணத்துக்கென்று தனிப் புத்தகம் ஒன்று வைக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பே எவ்வளவு, எதற்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். திரும்பி வந்த ஏழு நாளுக்குள் ரசீதுகளோடு செலவும் அதே பலகையில் வரும். தாமானிலிருந்து பிள்ளைகளை வேனில் அனுப்பும் பெற்றோருக்கு அதையே கைத்தொலைபேசியில் அனுப்புவோம். கணக்காய்வாளர் மட்டுமல்ல, எந்தத் தாயும் எந்த நாளும் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

"இவ்வளவு சின்னக் காசில் பெரிய இடத்தில் என்ன நடக்கும்?" என்று மலைக்காதீர்கள். 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் பங்குப் பணம் சேர்த்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சில்லறையில் தோட்டங்களையே வாங்கினார்கள். நாம் தோட்டம் வாங்கக் கேட்கவில்லை. பிள்ளைகள் நிற்கிற மண்ணைக் கேட்கிறோம்.

வருகிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்த எட்டு வரியும் உங்கள் முன் வைக்கப்படும். வந்து கேள்வி கேளுங்கள். ஒரு வரி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குறைக்கலாம் என்றால் எங்கே என்று காட்டுங்கள். கை தூக்கி ஏற்றுக்கொண்டால், அந்த நாலு பேரில் நானும் ஒருவர் என்று சொல்ல இருவராவது எழுந்து நில்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, கூட்டிப் பார்த்தீர்களா? சரியாக இருக்கிறதா? இன்றிரவு வீட்டில் அப்பா அம்மாவுக்கும் ஒரு முறை கூட்டிக் காட்டுங்கள். நாளை திடலில் அந்த அளவுக்கல்லில் பந்தடிக்கும்போது, அதை யாரும் பிடுங்காதீர்கள். அதைப் பிடுங்க வேண்டிய முறையில் பிடுங்கத்தான் உங்கள் பெற்றோர் மாதம் ஒன்றே முக்கால் வெள்ளி எடுத்து வைக்கப் போகிறார்கள்.

வெறுங்கை முழம் போடாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுவோம். பரிசு பெறும் அனைவருக்கும் என் வாழ்த்து.